முத்து எண்ணி வாங்கிய வெள்ளி

ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசா இறந்தது 1780 நவம்பர் 29ஆம் தேதி. அவர் முகம் பதித்த வெள்ளிக் காசின் ஆண்டும் அத்துடன் நின்றுபோனது. அதற்குப் பிறகு அடித்த காசுகளிலும் 1780 என்றே பொறித்தார்கள். வியன்னா நாணயச் சாலையில் இன்றைக்கு அடிப்பதிலும் அதே ஆண்டுதான். எடை 28 கிராமுக்குச் சற்றே கூடுதல், ஆயிரத்துக்கு 833 பங்கு சுத்த வெள்ளி, குறுக்களவு சுமார் 4 சென்டிமீட்டர். நம் பழைய வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா. இது கிட்டத்தட்ட இரண்டரை ரூபாய்க் கனம்.

அந்த அம்மையார் ஒரு நாளும் ஆளாத செங்கடல் கரையிலும், ஏமனிலும், எத்தியோப்பியாவிலும், ஓமனின் உள்நாட்டுச் சந்தைகளிலும் இரண்டு நூற்றாண்டுக்கு இந்தக் காசுதான் பணம். காசின் பின்பக்கத்தில் இருக்கும் இரட்டைத் தலைக் கழுகைப் பார்த்து அரபிகள் இதை ‘அபு தைர்’ என்றார்கள். பறவையின் தகப்பன் என்று பொருள். ‘ரியால் ஃபிரான்ஸி’ என்றும் ஒரு பெயர் உண்டு. பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வெளிநாட்டுக்காரன் எல்லாம் பிராங்கி என்ற கணக்கில் வந்த பெயர். தலர் என்பது இதன் சொந்தப் பெயர். பொஹீமியாவில் யோவாகிம்ஸ்தால் என்ற பள்ளத்தாக்கில் பதினாறாம் நூற்றாண்டில் எடுத்த வெள்ளியில் அடித்த காசு ‘யோவாகிம்ஸ்தாலர்’, சுருக்கி ‘தாலர்’. ஊர் ஊராகப் போய் அதுவே டாலர் ஆயிற்று.

சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி. காகித நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் வரும். தமிழ்நாட்டில் நகைக்கடையில் டாலர் என்றால் பணமே இல்லை, சங்கிலியில் தொங்கும் பதக்கம். இந்த இரண்டு அர்த்தங்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான் இந்தக் காசுக்கு வந்து சேர்ந்தது அமெரிக்க டாலர் வழியாக. 2007இல் அங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது ரயில் டிக்கெட் இயந்திரம் சில்லறையாகப் பொன்னிற டாலர் காசுகளைத் துப்பும். ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தோடு ஜனாதிபதி வரிசை அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்தது. பெயர் டாலர், நிறம் தங்கம், உள்ளே செம்பு, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை. வெள்ளி துளியும் கிடையாது. அமெரிக்கர்கள் யாரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. நான் வைத்துக்கொண்டேன். பிறகு துபாயில் வேலை கிடைத்து வந்தபோது பெட்டியில் அவையும் வந்தன. இங்கே வந்த பிறகுதான் அது ஒரு போட்டி விளையாட்டு என்று தெரிந்தது.

அந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காசைத் தரம்பிரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால், அவர்கள் உருப்பெருக்கியில் பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் 1980களின் நடுவில் தொடங்கியவை. 2001இல் பி.சி.ஜி.எஸ். ரெஜிஸ்ட்ரி என்ற ஒன்றை ஆரம்பித்தது. நம்மிடம் உள்ள தொகுப்பைப் பதிந்தால், ஒவ்வொரு காசின் எண்ணையும் அருமையையும் கூட்டிக் கழித்து உலகத்தில் நமக்கு எத்தனையாவது இடம் என்று சொல்லிவிடும். 67க்கும் 68க்கும் இடையே வெறுங்கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விலையில் பல மடங்கு வித்தியாசம். என்னைப் போல நாள் முழுக்க எக்செல் அட்டவணையோடு வாழ்கிறவர்களைப் பிடிப்பதற்கென்றே செய்த வலை.

அந்த 70 என்ற எண் வந்த கதை சுவையானது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனித உடல்களை வகைபிரித்துக் குணம் சொன்னவர், 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக இந்த அளவுகோலை உருவாக்கினார். தேய்ந்து உரு தெரியாத காசின் விலை ஒரு பங்கு என்றால், குறையே இல்லாத காசின் விலை எழுபது பங்கு. சந்தை விலை சில ஆண்டுகளிலேயே அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது, எண் மட்டும் நிலைத்தது. அதே ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அதே இடத்தில் வைத்தார் என்பது அவர் இறந்த பிறகு வெளிவந்தது. உலகம் முழுக்கக் காசுக்குத் தரம் சொல்லும் அளவுகோலைத் தந்தவர் அவர்.

இந்த விளையாட்டில் பிழைக்குத் தனி மரியாதை. 2007 வாஷிங்டன் டாலரில் ஆண்டு, நாணயச் சாலைக் குறி, ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் எல்லாம் விளிம்பில் எழுதியிருக்கும். முகத்தை அடித்த பிறகு இன்னொரு இயந்திரத்தில் விட்டு விளிம்பு எழுத்தைப் பதிப்பார்கள். அந்த இரண்டாவது இயந்திரத்துக்குப் போகாமலே பல்லாயிரம் காசுகள் வெளியே வந்துவிட்டன. விளிம்பு மொழுமொழுவென்று இருக்கும். கடவுள் இல்லாத டாலர் என்று பத்திரிகைகள் கூத்தாடின. 2000ஆம் ஆண்டு சீரியோஸ் தானியப் பெட்டிகளில் விளம்பரத்துக்காகப் போட்ட 5,500 சாககாவேயா டாலர்களில் ஒரு பகுதிக்குக் கழுகின் வால் இறகு வேறு மாதிரி செதுக்கப்பட்டிருந்தது; அதை 2005இல்தான் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். காலையில் பாலில் ஊறும் தானியத்துக்குள் கிடந்த காசு இன்று ஏலத்தில் போகிறது. 1972 ஐசன்ஹோவர் டாலரில், பின்பக்கத்துப் பூமி உருண்டையில் ஃபுளோரிடாவுக்குக் கீழே தீவுகளை எப்படிச் செதுக்கினார்கள் என்பதை வைத்து மூன்று வகை.

என் தொகுப்பு ஒரு காலத்தில் அதன் பிரிவில் கௌரவமான இடத்தில் இருந்தது. எனக்கு மேலே இருந்தவர்களோடு போட்டி போட்டுப் பல இரவுகளைச் செலவழித்திருக்கிறேன். அதில் எனக்குப் புகார் எதுவுமில்லை. ஆனால் இந்த விளையாட்டின் அடிப்படை விதி என்னவென்று பாருங்கள்: யார் கையும் படாத காசே உயர்ந்த காசு. பணமாக ஒரு முறைகூடப் பயன்படாததுதான் முதல் தரம்.

வளைகுடாவின் டாலருக்கு விதி நேர் எதிராக இருந்தது. அதற்கும் தரம்பிரிப்பு உண்டு, ஷெல்டனுக்கு வெகு காலம் முன்பே. பேரரசியின் தலைமுடியில் சூடிய ஆபரணத்திலும், தோளில் மேலங்கியைப் பிடித்திருக்கும் ஊசியிலும் சின்னச் சின்ன முத்துகள் உண்டு. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் காசை வாங்குகிறவர் நகத்தால் தடவி அந்த முத்துகளை எண்ணிப் பார்ப்பார். படத்துக்குக் கீழே எஸ். எஃப். என்ற எழுத்துகள் தெளிவாக இருக்க வேண்டும். அவை குன்ஸ்பர்க் நாணயச் சாலையின் இரண்டு அதிகாரிகளுடைய பெயரின் முதலெழுத்துகள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. விளிம்பில் ‘நீதியும் கருணையும்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் புடைத்து நிற்க வேண்டும். விளிம்பை யாராவது சுரண்டி வெள்ளி எடுத்திருந்தால் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு முத்து குறைந்தாலும் காசு திரும்பி வரும். விளிம்பு எழுத்து இல்லாத தலரோடு சந்தைக்குப் போனால் ஒட்டகத்துக்குத் தீனிகூடக் கிடைத்திருக்காது. அமெரிக்காவில் அதே குறைக்கு மதிப்புக் கூட்டி விலை.

அதனால்தான் ஆண்டை மாற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. அடித்தவர்கள் காசைச் சாகாமல் காப்பாற்றினார்கள் என்பதைவிட, வாங்குகிறவர்கள் மாற்ற விடவில்லை என்பதே சரி. வியன்னாவின் அச்சுக்கொல்லன் செதுக்குவதை மஸ்கட்டுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் பேரீச்சம்பழம் விற்கிறவர் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார்.

1867இல் எத்தியோப்பியாவின் பேரரசர் இரண்டாம் தியோடர் பிரிட்டிஷ்காரர்களைச் சிறைபிடித்து வைத்திருந்தார். அவர்களை மீட்க மும்பையிலிருந்து ஜெனரல் நேப்பியர் தலைமையில் படை கிளம்பியபோது, அங்கே தலர் தவிர வேறு காசு செல்லாது என்று தெரிந்து வியன்னாவில் சொல்லித் தலர் அடித்து எடுத்துப் போக வேண்டியிருந்தது. உலகத்தின் பெரிய சாம்ராஜ்யம், தன் ராணியின் தலை போட்ட காசால் அங்கே ஒரு மூட்டை தானியம் வாங்க முடியவில்லை. அந்தப் படையில் மதராஸ் சாப்பர்ஸ் பிரிவும் இருந்தது. வடாற்காட்டுக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் ஆப்பிரிக்க மலையில் பாதை வெட்டிக்கொண்டே இந்த வெள்ளியைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த திருப்பம் 1935. எத்தியோப்பியாவின் மேல் படையெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த முசோலினி, அங்கே செலவழிக்கத் தலர் வேண்டும் என்பதால் ஆஸ்திரியாவிடமிருந்து அச்சுகளையும், 25 ஆண்டுகளுக்குத் தலர் அடிக்கும் உரிமையையும் வாங்கிக்கொண்டார். ரோமில் அடிக்க ஆரம்பித்தார்கள். ஏடனிலும் செங்கடல் துறைகளிலும் வியாபாரம் செய்த மற்றவர்களுக்குக் காசு கிடைக்காமல் போயிற்று. பிரிட்டன் சும்மா இருக்குமா? 1936இல் லண்டன் நாணயச் சாலையே மரியா தெரசாவை அடிக்கத் தொடங்கியது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பின்னால் பர்மிங்காம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இறந்துபோன அரசியின் காசு, அது கள்ளக் காசா நல்ல காசா என்று வழக்குப் போட யார் இருக்கிறார்கள்? வெள்ளி சரியாக இருக்கிறது, முத்து சரியாக இருக்கிறது, சந்தை வாங்கிக்கொண்டது.

பிறகு போர். 1940லும் 1941லும் மும்பை நாணயச் சாலையில் தலர் அடித்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தாலியர்களோடு சண்டை போட்ட பிரிட்டிஷ் படைகளுக்கு உள்ளூரில் செலவழிக்க அது தேவைப்பட்டது. அந்தக் காசில் மும்பை என்று ஒரு குறி கிடையாது. 1780, பேரரசி, கழுகு, அவ்வளவுதான். அச்சின் நுண்ணிய வேறுபாடுகளை வைத்து இது மும்பை, இது ரோம் என்று சேகரிப்பாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். பூதக்கண்ணாடியில் கழுகின் இறகையும் ஊசியின் முத்தையும் பார்த்து ஆளை அடையாளம் காணும் இந்த வேலை, ஐசன்ஹோவர் டாலரில் தீவு எண்ணும் அதே வேலைதான். ஆனால் இங்கே எண்ணி முடித்தால் கையில் கிடைப்பது ஒரு படையெடுப்பு, ஒரு உரிமைப் பத்திரம், ஒரு யுத்தம்.

1940இல் மும்பையில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை இந்திய வெள்ளி ரூபாயில் பன்னிரண்டுக்குப் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. போர்க்கால நெருக்கடியில் மக்கள் ரூபாயைப் பதுக்கத் தொடங்கியதும், அந்த ஆண்டு அதைப் பாதியாகக் குறைத்தார்கள். ரூபாய் நோட்டையும் மறுபடி கொண்டுவந்தார்கள். ஐந்நூறு பங்கு வெள்ளிதான் ரூபாய். மிச்சம் செம்பு, நிக்கல், துத்தநாகம். 1947இல் அந்தப் பாதியும் போய் முழு நிக்கல் ரூபாய் வந்தது. ஆக, அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரே நாணயச் சாலையில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போன தலரில் 833 பங்கு, சொந்த ஊர்க்காரனுக்குக் கொடுத்த ரூபாயில் 500 பங்கு. ஹபஷா நாட்டு விவசாயி முத்து எண்ணி வாங்குவான், அவனை ஏமாற்ற முடியாது. நம் ஆள் என்ன எண்ணுவான்? ராஜா தலை இருக்கிறது, அரசாங்கம் சொல்கிறது, வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனாலும் நம் ஊர்ப் பாட்டிமார்களை முழுக்க ஏமாற்றிவிட முடியவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயையும் ஆறாம் ஜார்ஜ் ரூபாயையும் தனித்தனிச் சுருக்குப்பையில் போட்டு வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். கல்லில் தட்டிச் சத்தம் கேட்டே பிரிப்பார்கள்.

அந்த ரூபாயும் வளைகுடாவின் பணம்தான். கரையோரத்தில் ரூபாய், மலைக்குப் பின்னால் தலர். பஹ்ரைன், துபாய் முத்தெல்லாம் விற்பனைக்குப் போனது மும்பைக்கு, திரும்பி வந்தது ரூபாயாக. ஓமனில் இன்றும் ரியாலின் சில்லறைக்குப் பெயர் பைசா. எண்ணெய்க்கு முன்பிருந்த வளைகுடாவில் நம் பணம்தான் செல்லும் பணம் என்பதை, இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் அப்பா ஏதோ பெருமை அடிக்கிறார் என்று பார்க்கிறார்கள்.

அந்தக் கதை முடிந்ததற்குக் காரணம் தங்கம். 1950களில் துபாயிலிருந்து மரக்கலங்களில் தங்கம் இந்தியாவுக்குக் கள்ளத்தனமாகப் போகும், விலையாக ரூபாய் நோட்டு இங்கே வரும். இங்கிருக்கும் வங்கிகள் அந்த நோட்டைக் கொடுத்து ஸ்டெர்லிங் கேட்டால் இந்தியா கொடுக்க வேண்டும். அந்நியச் செலாவணி வடிவதைப் பார்த்து 1959 மே மாதம் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அடித்தார்கள். பத்து ரூபாய் சிவப்பு, ஐந்து ரூபாய் ஆரஞ்சு, நூறு ரூபாய் பச்சை. வரிசை எண்ணுக்கு முன்னால் ஆங்கில இசட் எழுத்து. அது இந்தியாவுக்குள் செல்லாது. ஹஜ் யாத்திரிகர்களுக்கு எச். ஏ. என்று போட்ட இன்னொரு வகை. 1961இல் குவைத் தன் தினாருக்கு மாறியது, 1965இல் பஹ்ரைன். 1966 ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4 ரூபாய் 76 பைசாவாக இருந்தது 7 ரூபாய் 50 பைசா ஆயிற்று. வளைகுடா ரூபாயும் கூடவே விழுந்தது. கத்தாரும் துபாயும் கொஞ்ச நாள் சவூதி ரியாலைக் கடன் வாங்கிச் சமாளித்துவிட்டு அதே ஆண்டு சொந்த ரியால் போட்டன, அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. ஓமன் மட்டும் பழைய மதிப்பைத் தானே தாங்கிப் பிடித்து 1970 வரை ரூபாயை வைத்திருந்து, பிறகு ரியால் சயிதிக்கு மாறியது. அமீரகத்தின் திர்ஹம் வந்தது 1973 மே 19. திரும்பப் போன நோட்டுகளை இந்தியா அழித்தது. இன்று பச்சை நூறு ரூபாய் அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

சேகரிப்பாளர்களுக்கென்றே பிறந்த காசும் இந்த மண்ணில் உண்டு. 1964இல் ஷார்ஜா ஐந்து ரூபாய் என்று ஒரு வெள்ளிக் காசு வெளியிட்டது. அதில் இருப்பது ஜான் கென்னடியின் முகம். ஷார்ஜா மீன் சந்தையில் அதைக் கொடுத்து யாரும் மீன் வாங்கியிருக்க முடியாது. சில ஆண்டுகளில் ஃபுஜைரா நிக்சனுக்கும் அப்பல்லோ விண்வெளிப் பயணத்துக்கும் ரியால் போட்டது. எல்லாம் கண்ணாடி போலப் பளபளக்கும், எல்லாம் உயர்ந்த தரத்தில் பெட்டிக்குள் இருக்கும். தரவரிசை அட்டவணைக்கு மிகவும் பிடித்த வளைகுடாக் காசுகள், வளைகுடாவில் செல்லாத இந்தக் காசுகள்தான்.

மஸ்கட்டில் மத்ரா சந்தைக்கு வேலை விஷயமாகப் போகும்போதெல்லாம் ஒரு சுற்று சுற்றுவேன். தட்டுத் தட்டாகத் தலர் கிடக்கும், பாதி நேற்று வியன்னாவில் அடித்தது. ஒரு கடையில் வயதான ஓமனி ஒருவர். எங்களுக்குள் பேச்சு இந்தியிலும் உருதுவிலுமாகக் கலந்து நடக்கும். தேய்ந்த தலர் ஒன்றைக் காட்டி எங்கே அடித்தது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் ஓட்டினார், பிறகு தோள் ஊசியில் வைத்தார். “பாய், எங்கே அடித்தது என்று என் அப்பா கேட்டதில்லை. முத்து இருக்கிறது, எழுத்து இருக்கிறது. இது நல்லது” என்றார். தராசைத் தொடவே இல்லை.

அவரிடம் இருந்த ஒரு கழுத்தணியை அன்று வாங்கினேன். நிஸ்வா பக்கத்து வேலைப்பாடு என்றார். வெள்ளி மணிகளுக்கு நடுவில் ஐந்து தலர். ஒவ்வொன்றின் தலையிலும் வளையம் வைத்துப் பற்றவைத்திருக்கிறது. இரண்டில் பேரரசியின் மூக்கு முழுக்கத் தேய்ந்துவிட்டது, ஒரு பெண் பல ஆண்டுகள் நெஞ்சோடு உரச அணிந்திருந்த தேய்மானம். பணமாகச் செலவழித்த மீதியைக் கொல்லனிடம் கொடுத்து நகையாக்கிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். வறட்சி வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி பணமாக்கலாம். நம் ஊரில் காசுமாலை என்போம். நகைக்கடைக்காரர் டாலர் என்றால் பதக்கம் என்று சொல்வது எனக்கு அதற்குப் பிறகு விநோதமாகப் படவில்லை.

வளையம் பற்றவைத்த காசை எந்த நிறுவனத்துக்கு அனுப்பினாலும் எண் கிடைக்காது. அசல்தான், ஆனால் சேதமடைந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்புவார்கள். போட்டித் தொகுப்பில் அதற்குப் பொதுவாக இடமில்லை. இப்படி எண் கிடைக்காது என்பதாலேயே பல கடைகளில் வளையத்தை அறுத்து, தழும்பை ராவி, தனிக் காசாக்கி விற்கப் பார்க்கிறார்கள். மிச்சத்தை உருக்குகிறார்கள். வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இது வேகமாகிறது. நான் கேட்டவரை, பழைய மணிகள் கோத்த முழுக் கழுத்தணி வருவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

என் ஐந்து தலர்களில் நான்கை அறிந்தவர்களிடம் படம் அனுப்பிக் கேட்டுவிட்டேன். இரண்டு வியன்னா, ஒன்று லண்டன், ஒன்று ரோம் என்கிறார்கள். மூக்குத் தேய்ந்த ஐந்தாவதில் கழுகின் இறகும் போய்விட்டதால் தீர்மானமாகச் சொல்ல முடியாது, மும்பையாக இருக்கலாம் என்றார் ஒருவர். விளிம்பில் எழுத்து இன்னும் இருக்கிறது. தோள் ஊசியில் நகம் வைத்தால் முத்துகள் தட்டுப்படுகின்றன.